கடைசி வரிசைப் பாய்

யோகா வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இருபது பேரில் ஆண்கள் மூவர். மூவருக்கும் கடைசி வரிசைதான். பச்சிமோத்தானாசனத்தில் பக்கத்துப் பாய் அக்காவுக்கு நெற்றி முழங்காலைத் தொடுகிறது. எனக்கு விரல் கணுக்காலுக்கே எட்டவில்லை. பவனமுக்தாசனம் (காற்றை விடுவிக்கும் ஆசனம்) என்றால் இன்னொரு பயம். காரணம் பெயரிலேயே இருக்கிறது!

"ஆண்களுக்குத் தனி பேட்ச் போடுங்களேன் மாஸ்டர்" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். சிரித்தார். "போட்டுப் பார்த்தேன் சார். மூணாவது வாரம் நான் மட்டும்தான் வந்தேன்."

ஒரு காலத்தில் நிலைமை தலைகீழ். 1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்றவர்கள் பெரும்பாலும் பையன்கள். இந்திரா தேவி என்ற பெண் சேரக் கேட்டபோது ஆசான் முதலில் மறுத்துவிட்டார். மைசூர் மகாராஜா சொன்ன பிறகே சேர்த்துக்கொண்டார். அன்று பெண்களுக்குக் கதவு மூடியிருந்தது. இன்று கதவு திறந்தே கிடக்கிறது, தயங்கி நிற்பது ஆண்களாகிய நாம்தான்.

பெண்கள் தனி வகுப்பு கேட்டால் நியாயம் உண்டு; உற்றுப் பார்க்கும் கண்களுக்கு அவர்கள் அஞ்ச வேண்டியிருக்கிறது. நமக்கோ, குனிய முடியாததை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற வீம்பு. உண்மையில் அங்கே யாரும் நம்மைப் பார்ப்பதில்லை. அவரவர் முழங்கால் அவரவருக்கு.

கடைசி வரிசையில் இன்னும் இடம் இருக்கிறது. வாங்க சார்.