கோணமலைப் பாறையில் ஒரு காலைப்பொழுது

திருகோணமலைக்குச் செல்வோர் கோணேசர் கோயிலை வணங்கி, இராவணன் வெட்டை எட்டிப் பார்த்து, கோட்டைக்குள் மேயும் மான்களையும் கண்டு களித்துத் திரும்புவது வழக்கம். அதே மலையில், வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரம் அமைதியாக நிற்பவருக்கு வேறொரு காட்சியும் கிடைக்கும். அது பறவைகளின் காட்சி.

கடலுள் நீண்டு நிற்கும் இம்மலைமுனை, கீழ்ப்புறத்தில் 300 அடிக்கு மேல் செங்குத்தாக இறங்குகின்றது. ஆதலால் இங்கே பறவைகளை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, குனிந்தே பார்க்கலாம். கதிரவன் கடலிலிருந்து எழும் வேளையில் செம்பருந்து நம் காலுக்குக் கீழே வட்டமிடும். கருடன் என்று நம்மவர் கைகூப்பும் பறவை இதுவே. நிலத்தில் நிற்பவருக்கு அதன் அடிப்புறமே தெரியும். மலைமேல் நிற்பவருக்கோ அதன் செந்நிற முதுகு இளவெயிலில் ஒளிர்வது தெரியும். காற்றுப் பாறையில் மோதி மேலெழும்போது, அது சிறகசையாமலே நெடுநேரம் மிதக்கும்.

இனி, எல்லோரும் அறிந்ததனாலேயே எவரும் உற்றுநோக்காத ஒரு பறவையைப் பார்ப்போம். அது புறா. கோபுரத்திலும் சந்தைக் கூரையிலும் கூடு கட்டும் இப்பறவை, மரக்கிளையில் ஏன் கட்டுவதில்லை? விடை இப்பாறையிலேயே உள்ளது. மாடப்புறாவின் ஆதி இல்லம் கடலோரப் பாறைகளின் இடுக்குகளே. கட்டடம் அதற்கு இன்னொரு பாறை. மாடத்தில் வாழ்வதால் நாம் அதனை மாடப்புறா என்கின்றோம். பாறை இடுக்கே அதன் முதல் மாடம். மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வளர்த்துவரும் பலவகைப் புறாக்களும் இந்த ஓரினத்தின் வழி வந்தவையே என்று, தாமே புறா வளர்த்து ஆராய்ந்த டார்வின் 1859 இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். நகரங்களில் திரிவனவோ வளர்ப்பிலிருந்து விடுபட்டவற்றின் வழித்தோன்றல்கள்.

கலப்பில்லாத காட்டு மாடப்புறா இலங்கையில் அரிதாகிவிட்டது. அதற்குப் பெயர்பெற்ற இடம், இம்மலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீற்றர் தொலைவில் உள்ள புறாத்தீவு. அத்தீவு 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வேட்டைக்காரனைச் சட்டம் தடுக்கலாம். ஆனால் கரையிலிருந்து பறந்து செல்லும் வளர்ப்புப் புறாவை எந்தச் சட்டம் தடுக்கும்? அது காட்டுப் புறாவோடு இணைசேரின், தலைமுறைதோறும் மூல இனம் கரைந்துபோகும். புறாக்களின் தொகை குறையாது; ஆகவே, இழப்பு நம் கண்ணுக்குப் புலப்படாது.

மாணவர்கள் இதனைத் தாமே ஆராயலாம். காட்டுப் புறாவின் உடல் நீலங்கலந்த சாம்பல் நிறமானது; சிறகில் இரண்டு கரும்பட்டைகள் இருக்கும்; கழுத்தில் பச்சையும் ஊதாவும் மின்னும். வெள்ளைத் திட்டுகளோ தவிட்டு நிறமோ காணப்படின், வளர்ப்புப் புறாவின் கலப்பு உண்டென அறியலாம். நிறம் ஒன்றே தூய்மைக்கு முழுச் சான்றாகாது. எனினும் தொடக்கத்துக்கு அது போதும். மலையில் நின்று இருவகையையும் எண்ணி, நாளையும் குறித்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில் மீண்டும் எண்ணுங்கள். கரைந்து மறையும் ஓர் இனத்தைப் பற்றி நாளை எவரேனும் வினவும்போது, அக்குறிப்பேடு விடை பகரும்.