பேரிங்கை அமுக்கும் பாரம்: மானூர் தோட்டத்தில் கண்டது

கல்லிடைக்குறிச்சியிலிருந்து சேரன்மகாதேவி, பத்தமடை வழியாக வந்தால் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தைப் பார்க்கலாம். தாமிரபரணித் தண்ணீர் பள்ளம் பார்த்துத் தானே ஓடி வயலில் பாய்கிறது. கரண்டும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். திருநெல்வேலியைத் தாண்டி, சங்கரன்கோவில் சாலையில் மானூர் பக்கம் போனால் நிலைமை வேறு. அங்கே பல தோட்டங்களுக்குக் கிணறும் போரும்தான் கதி.

அப்படி ஒரு கத்தரித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். நீர்மூழ்கி மோட்டாரை மேலே தூக்கி வேப்பமர நிழலில் போட்டிருந்தார்கள்.

"ரெண்டு வருசத்துல மூணு தடவ த்ரஸ்ட் பேரிங் போயிட்டு, சார். செடியெல்லாம் வாடுது. வேற கம்பெனி மோட்டார் வாங்கிரட்டுமா?"

"மொதல்ல காரணத்தைப் பாப்போம், அண்ணாச்சி" என்றேன்.

அவருடையது 15 ஸ்டேஜ் பம்பு. ஒவ்வொரு ஸ்டேஜிலும் ஓர் இம்பெல்லர். தண்ணீர் அதன் நடுக்கண் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் நுழைந்து, கூடுதல் அழுத்தத்தில் வெளியேறுகிறது. அந்தக் கூடுதல் அழுத்தம் இம்பெல்லரின் முதுகிலும் விழுகிறது. கண் இருக்கும் அடிப்பக்கத்தில் அதற்கு ஈடான எதிர் அழுத்தம் இல்லை. அதனால் இம்பெல்லர் கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது.

ஒரு கணக்குக்கு, ஒரு ஸ்டேஜ் 10 மீட்டர் உயரம் ஏற்றினால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம். கண்ணின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்றால் 20 கிலோ. 15 ஸ்டேஜுக்கு 300 கிலோ. ஆறேழு யூரியா மூட்டைப் பாரம்! இம்பெல்லர்கள் தண்டோடு இறுகப் பொருத்தப்பட்ட பம்புகளில் இவ்வளவையும் தாங்குவது மோட்டாரின் அடியில் இருக்கும் த்ரஸ்ட் பேரிங்தான்.

பிறகு சொட்டுநீர்க் குழாயைப் பார்த்தேன். ஃபில்டர் பாசியடைத்துக் கிடந்தது. நான்கு வால்வில் ஒன்றுதான் திறந்திருந்தது. தண்ணீர் போக வழி குறைந்தால் பம்புக்குள் அழுத்தம் ஏறும், கீழ்நோக்கும் பாரமும் ஏறும். மோட்டாரைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் தண்ணீரும் குறையும். கோளாறு மோட்டாரில் இல்லை, மேலே இருந்தது.

அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஃபில்டரை அடிக்கடி கழுவுங்கள். பம்பின் அளவுக்கு ஏற்றபடி வால்வுகளைச் சேர்த்துத் திறந்து பாய்ச்சுங்கள். காலிக் குழாயில் வால்வை முழுக்கத் திறந்து மோட்டாரைப் போடாதீர்கள். எதிர்ப்பு இல்லாததால் இம்பெல்லர்கள் மேல்நோக்கி எகிறித் தேயும். பாதி திறந்து போட்டு, குழாய் நிறைந்ததும் மெல்லத் திறங்கள். தண்ணீர் நிரப்பும் வகை மோட்டார் என்றால், இறக்குமுன் சுத்தமான தண்ணீர் நிரப்புங்கள். பேரிங்குக்கு அதுதான் எண்ணெய்.

புதுப் பம்பு வாங்கும்போது போரின் ஆழத்தை மட்டும் சொல்லி ஸ்டேஜ் கேட்காதீர்கள். கோடையில் பம்பு ஓடும்போது தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அளந்து, அதோடு குழாய் உராய்வையும் சொட்டுநீருக்கு வேண்டிய அழுத்தத்தையும் கூட்டிச் சொல்லுங்கள். ஆற்றுப் பாசனத்தில் பள்ளம் மேடு பார்ப்பதுபோல, போர் பாசனத்தில் இந்தக் கணக்கைப் பார்த்தே ஆகவேண்டும்.