எட்டுத் தகடுகள்

எமது நாட்டுப் பாதைகளில் மொரிஸ் மைனர் கார்கள் இன்னும் ஓடித் திரிவதைக் கண்டு வெளிநாட்டுப் பயணிகள் நின்று படம் பிடிப்பதுண்டு. இலங்கையருக்குப் பழைய பொருட்களின் மீது தனிப்பிரியம் என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். பிரியம் ஒருபுறம் இருக்கட்டும். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியபோது கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1970க்கும் 1977க்கும் இடையில் அக்கட்டுப்பாடு கழுத்தை இறுக்கியது. புதிய கார் வர வழியில்லை என்றானபோது பழைய கார் சாகக்கூடாது என்றாயிற்று. கதை அவ்வளவுதான். அதன் விளைவு மட்டும் விசித்திரமானது. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் திருத்தகம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், அக்காரின் தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்விக்க ஏற்பாடு செய்தார். பிறந்த வீட்டுக்கே இங்கிருந்து மட்கார்ட் போனது.

எங்கள் வீட்டுக் கார் 1959ஆம் ஆண்டுக்குரியது. உஸ்மானிய ஆட்சிக்காலத்து இஸ்மிர் நகரில் 1906இல் பிறந்த அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் அது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். எங்களுடையதில் இருப்பது 1956இல் அறிமுகமான 948 சீசீ எஞ்சின். தோட்டத்துத் துரை ஒருவர் நாட்டைவிட்டுப் புறப்பட்டபோது வாப்பா அதை 1971இல் வாங்கினார். கந்தப்பளை டவுனில் மரக்கறி வியாபாரம். பின் ஆசனத்தைக் கழற்றி வைத்துவிட்டு லீக்ஸ் கட்டுகளையும் கரட் மூட்டைகளையும் ஏற்றியிருக்கிறார். 1980களில் வான் ஒன்று வாங்கிய பிறகு மொரிஸ் கல்யாண வீட்டுக்கும் மையத்து வீட்டுக்கும் மட்டும் வெளியே வந்தது. வர வர ஒயில் பிரெஷர் இறங்கியது. வாப்பா தடித்த ஒயில் ஊற்றிச் சமாளித்தார். 2018இல் அவர் மௌத்தானபோது எஞ்சினும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்திருந்தது.

மூத்த நானாவின் யோசனை நடைமுறைக்கு ஏற்றது. டட்சன் எஞ்சின் ஒன்றை வாங்கி உள்ளே இறக்கிவிடு, ஏற்றத்தில் பறக்கும் என்றார். இலங்கையில் எத்தனையோ மொரிஸ்கள் அப்படித்தான் உயிர் வாழ்கின்றன, அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் பதிவுப் புத்தகத்தில் வாப்பாவின் பெயருக்குக் கீழே அந்த எஞ்சின் இலக்கம் இருக்கின்றது. அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. வாரிசுகள் ஐவர், கார் எல்லோருக்கும் பொது. ஒரு வருடம் தருகிறோம், முடியாவிட்டால் விற்றுப் பங்கு வைப்போம் என்று பேசி முடித்தோம். அந்த ஒரு வருடம் நான்கு வருடமாகியது.

வேலையை ஒப்படைத்தவரை ஊரில் எல்லோரும் ‘பாஸ்’ என்றே அழைப்பர். லயத்தில் பிறந்தவர். 14 வயதில் கராஜில் கையாளாகச் சேர்ந்தவர். டவுனைத் தாண்டித் தேயிலை மலை ஆரம்பிக்கும் இடத்தில் அவரது தகரக் கொட்டில் இருக்கின்றது. பாதி நாட்கள் மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பொடியன்மாரை வைத்து வேலை பழக்கிப் பார்த்தார். கொஞ்சம் கை தேறியதும் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விட்டார்கள். இப்போது தனியாள்.

2020 ஜனவரியில் எஞ்சினை இறக்கினோம். ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன் தலையைத் துடைத்ததும் ‘040’ என்ற எழுத்துத் தெரிந்தது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலித்துப் பெரிய பிஸ்டன் போடும்போது அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று படிப்படியாகப் போவார்கள். இந்த எஞ்சினுக்கு நாற்பது ஓவர் என்பது பொதுவாகக் கடைசிப் படி. “இனிமே சீவுறதுக்கு இதுல ஒண்ணும் இல்லீங்க தம்பி, லைனர்தான் அடிக்கணும்” என்றார் பாஸ். சிலிண்டரை இன்னும் அகலமாகக் கடைந்து, இரும்புக் குழாயை இறுக்கி இறக்கி, அதை மீண்டும் ஆதி அளவுக்குக் கடைவதுதான் லைனர் அடிப்பது. செலவு இரட்டிப்பாகும். அது முதல் அடி.

பிறகு சம்பைக் கழற்றிக் கனெக்டிங் ரொட் ஒவ்வொன்றாகப் பிரித்தார். பெயரிங் ஓட்டை விரலால் தள்ளி எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஓட்டின் முதுகில் மெல்லிய தகடு ஒன்று ஒட்டியிருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. நான்கு ரொட்டிலும் எட்டு. அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து கனம். மேல் தகடுகளில் ஒயில் துவாரத்துக்கு நேரே ஆணியால் அளந்து ஒரு துளை. ஒன்றின் ஓரத்தில் மட்டும் நீல மை தெரிந்தது.

“பால் டின்” என்றார் பாஸ். “நான் தேச்சது.”

1974இல் நடந்திருக்கின்றது. தேய்ந்த கிராங்கைப் பத்து அண்டருக்குக் கடைந்திருக்கிறார்கள். அதாவது ஜேர்னலின் விட்டம் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துக் குறைந்துவிட்டது. அதற்குரிய பெயரிங் ஓடு நாட்டில் இல்லை. ஸ்டாண்டர்ட் ஓடு ஒரு செட் மட்டும் எங்கிருந்தோ கிடைத்தது. இடைவெளியை நிரப்ப, டின் பால் குடித்து எறிந்த டின்னை வெட்டி, எமரித் தாளில் தேய்த்து, மைக்ரோமீற்றரில் அளந்து, மீண்டும் தேய்த்து, ஓட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். மேலே ஐந்து, கீழே ஐந்து, கூட்டினால் பத்து. தேய்ப்பதற்கு வைத்திருந்த பொடியன்தான் எனக்கு முன்னால் 60 வயதில் நின்றுகொண்டிருந்தார். எட்டுத் தகடு தேய்க்க ஆறு நாள் பிடித்ததாம். கற்றுக்கொடுத்த பெரிய பாஸ், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி பின்னர் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு அது ஓர் அற்புதமாகப் பட்டது. ஒரு சிறு பையனின் கைத்தேய்ப்பில் வாப்பாவின் கார் 40 வருடத்துக்கு மேல் ஓடியிருக்கின்றதே! கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று சொல்லி அந்தத் தகடுகளைக் கேட்டேன். பாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இத வச்சு என்னா தம்பி செய்யப் போறீங்க? இது வேலையில்ல. வக்கில்லாம செஞ்சது. அந்த டின்னுல யாரு புள்ள பால் குடிச்சிச்சோ தெரியாது. எங்க லயத்துல அந்த வருசம் பால் வாங்கின வூடு இல்ல.”

1973, 1974ஆம் ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களில் அரிசியும் மாவும் அருகிப் பட்டினிச் சாவுகள் நேர்ந்தமை பதிவில் உள்ள செய்தி. எம் போன்ற டவுன் கடைக்காரர்களுக்கும் அது கஷ்டகாலமே. ஆனால் கஷ்டத்துக்குள்ளும் மேல்படி, கீழ்படி இருந்தது. நான் பார்த்தது புத்திசாலித்தனம். அவர் பார்த்தது ஆறு நாள் வெறும் வயிற்றோடு தேய்த்த விரல்கள். தகடுகளைப் பழைய இரும்புப் பெட்டிக்குள் போட்டார். அடுத்த வாரம் இரும்புக்காரன் கொண்டுபோய்விட்டான்.

மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. கொட்டில் மூடியது. அது தளர்ந்ததும் புளொக்கையும் கிராங்கையும் மலைக்குக் கீழே ஒரு நகரத்துப் பட்டறைக்கு அனுப்பினோம். பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். லைனர் நான்கும் நன்றாக வந்தன. கிராங்க்தான் போயிற்று. ஜேர்னல் பக்கச் சுவரோடு சேரும் மூலை வளைவாக இருக்க வேண்டும். செங்கோணமாகக் கடைந்தால் அந்த மூலையிலிருந்தே வெடிப்பு ஓடும். பாஸுக்குக் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. நகத்தை அந்த மூலையில் வைத்து இழுத்தார். “இது மூணு மாசத்துல முறிஞ்சிரும்” என்று சொல்லி, கிராங்கைச் சுவரோரம் சாத்தினார்.

பஞ்சிகாவத்தையை நம்பி இறங்க வேண்டியதாயிற்று. மருதானைக்குப் பக்கத்தில் உள்ள அந்தத் தெருக்களில் எம்மவர் கடைகள் பல. எந்தக் காலத்து வாகனத்தின் எந்த எலும்பைக் கேட்டாலும் “இன்ஷா அல்லாஹ் பார்ப்போம்” என்பார்கள். பெரும்பாலும் பார்த்தும் விடுவார்கள். முதலில் கிடைத்தது 1098 சீசீயின் கிராங்க். வெளிப்பார்வைக்கு உடன்பிறப்பு. ஆனால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் எங்களுடையதில் 76.2 மில்லிமீற்றர், அதில் 83.7. திருப்பி அனுப்பினோம். அதே 948 எஞ்சின் ஒஸ்ரின் ஏ35இலும் முதலாவது ஏ40 ஃபரீனாவிலும் உண்டு என்பதால் அவற்றைத் தேடச் சொன்னோம். 2021 நடுவில் ஓர் ஏ40இன் கிராங்க் அகப்பட்டது. கொழும்பில் மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் லொறியில் சாக்குச் சுற்றி வந்து சேர்ந்தது. அளந்து பார்த்தார் பாஸ். பத்து அண்டர். 1974இன் அதே அளவு.

இந்த முறை அதற்குரிய ஓடு உலகில் கிடைக்கும். 2022 பெப்ரவரியில் ஓர்டர் கொடுத்தோம். கொடுத்த கையோடு நாட்டில் டொலர் முடிந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஓடு வரவில்லை. ஓகஸ்டில் கியூஆர் முறையில் பெற்றோல் கொடுத்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். எஞ்சினே இல்லாமல் மரக்கட்டை மேல் நின்ற எங்கள் மொரிஸுக்கும் 20 லீற்றர் உரித்தாயிற்று. தள்ளிக்கொண்டு போய் அடித்து வருவோம் என்று மருமகன் பகிடியாகச் சொன்னான். ஊரில் சிலர் பகிடியாக அல்லாமலே அதைச் செய்தார்கள்.

அந்த நாட்களில் நானா கொட்டிலுக்கு வந்தார். அவர் பொறுமையாக இருந்தவர்தான். “பாஸ், முந்தி தகடு வச்சி ஓடினதுதானே. இப்பவும் அப்படிச் செஞ்சா என்ன?” என்று கேட்டார். பாஸ் தலை நிமிராமலே பதில் சொன்னார்.

“மொதலாளி, ஒங்க காரு நின்னா யாரும் பட்டினி கெடக்கப் போறதில்ல. ஓடு வரட்டும்.”

இதைக் கேட்டு நானாவுக்குக் கோபம் வந்திருக்கலாம். வரவில்லை. வெளியே வந்து, மனிசன் சொல்றது சரிதானே என்றார்.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. முதல் வருடத்து இரசாயன உரத் தடையில் விளைச்சல் விழுந்து கடன்பட்டிருந்த ஒரு மரக்கறி லொறிக்காரர் பாஸிடம் வந்தார். லொறியின் பெயரிங் போய்விட்டது; புதியது வாங்கக் காசுமில்லை, கடையிலும் இல்லை. தோட்டத்தில் லீக்ஸ் முற்றிக்கொண்டிருக்கின்றது. பாஸ் இரண்டு தடவை முடியாதென்று திருப்பி அனுப்பினார். மூன்றாம் நாள் இஷாவுக்குப் பிறகு அவ்வழியே வந்தபோது, மின்சாரம் இல்லாத கொட்டிலில் மெழுகுதிரி வெளிச்சம் தெரிந்தது. உள்ளே எமரித் தாள் தேயும் சத்தம். நான் உள்ளே போகவில்லை. லொறி மறுநாள் ஓடியது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வறுமைக் காலத்துக் கைவித்தைகளை வியந்து எழுதும் கட்டுரைகளை வாசிக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம்தான் எனக்கு ஞாபகம் வருகின்றது.

2023 ஏப்ரலில் ஓடு வந்தது. மெழுகுத் தாளில் சுற்றிய சின்னப் பெட்டி, முதுகில் ‘010’ என்று பொறித்திருந்தது. பாஸ் கையைக் கழுவிவிட்டு வந்து அதைப் பிரித்தார். பூட்டும் வேலை ஒரு மாதத்தில் முடிந்தது. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சிறிது சிறிதாக, 40 இறாத்தல்–அடி வரை முறுக்கினார். வால்வ் இடைவெளி ஆயிரத்தில் பன்னிரண்டு. பிளக் வயர் 1-3-4-2. முதல் அரைமணி நேரம் ஸ்டார்ட் ஆகவில்லை. பிறகு இருமிக்கொண்டு பிடித்தது. ஒயில் மானியின் முள் 60இல் நின்றது. வாப்பா காலத்தில் நான் அதை 30க்கு மேல் கண்டதேயில்லை.

அத்தோடு முடிந்துவிடவில்லை. நுவரெலியாப் பாதையில் முதல் ஓட்டத்திலேயே தண்ணீர் கொதித்தது. ஆறாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் அழுத்த மூடி இல்லாவிட்டால் சமாளிக்க முடியாது. மூடியில் குறையில்லை. புளொக்கின் பக்கத்து அடைப்பைக் கழற்றிப் பார்த்தால் நாலாவது சிலிண்டரைச் சுற்றி அரைநூற்றாண்டுத் துருச்சேறு. சைக்கிள் கம்பியால் இரண்டு நாள் தோண்டினோம். அடுத்து காபரேட்டர். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்புக்குச் சரியான கலவை கந்தப்பளையில் பெற்றோல் கூடிப்போகும்; பிளக் கரியாகும். ஜெட் நட்டை ஒரு முகம் ஏற்றுவது, ஓட்டிப் பார்ப்பது, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது, மறுபடி ஒரு முகம். மூன்றாம் தடவையில் பிளக் முனை மண்ணிறத்துக்கு வந்தது. பின் பெயரிங்கில் ஒயில் சொட்டுவது மட்டும் நிற்கவில்லை. அங்கே சீல் என்று ஒன்றை இந்த எஞ்சினுக்குச் செய்தவர்கள் வைக்கவேயில்லை. திருகு வரிகளை வெட்டி, ஒயில் தானாகத் திரும்பிப் போகும் என்று நம்பியிருக்கிறார்கள்.

உம்மாவை ஏற்றிக்கொண்டு இராகலை வரை போய் வந்தோம். முன் ஆசனத்தில் இருந்தார். கார் முந்தியை விடச் சத்தம் குறைவு என்று மட்டும் சொன்னார். விற்கும் பேச்சை நானா இப்போது எடுப்பதில்லை. கொழும்பிலிருந்து வரும்போதெல்லாம் சாவியைத்தான் முதலில் கேட்கிறார்.

கியர்பொக்ஸ் இனி இருக்கின்றது. இரண்டாவது கியர் கழன்று கழன்று விழுகின்றது. பாஸுக்கு ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. மற்றக் கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இறக்குவாராம். அதுவரை இறக்கத்தில் இரண்டாவது கியரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டச் சொல்லியிருக்கிறார்.