ஒரு கையொப்பம்



அண்மையில் ஒரு மாணவனின் தாயிடம் குறைநீக்கல் வகுப்புக்கான இசைவுப் படிவத்தை நீட்டினேன். படிக்காமலேயே கையொப்பமிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர்" என்றார். அன்றிரவு ஒரு வழக்கு என் நினைவுக்கு வந்தது.

செக் குடியரசின் ஓஸ்திராவா நகரில், ரோமா இனப் பிள்ளைகள் பலர் இலேசான அறிவுசார் குறைபாடு உடையோருக்கான சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். பிற பிள்ளைகளைக் காட்டிலும் அவர்கள் அங்குச் செல்லும் வாய்ப்பு 27 மடங்கு மிகுதி. 18 பிள்ளைகள் சார்பில் 2000ஆம் ஆண்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2006இல் தோற்றனர். 2007 நவம்பர் 13ஆம் நாள், அந்நீதிமன்றத்தின் பெரும் ஆயம் 13க்கு 4 என்ற கணக்கில் அது பாகுபாடே எனத் தீர்ப்பளித்தது.

"தேர்வு வைத்தோம், பெற்றோரும் இசைந்தனர்" என்பதே அரசின் வாதம். அத்தேர்வுகள் ரோமா பிள்ளைகளின் சூழலைக் கருதவில்லை என்றது நீதிமன்றம். விளைவை முழுதும் அறியாமல் பெற்றோர் இட்ட கையொப்பத்தையும் அது ஏற்கவில்லை. பாகுபாட்டுக்கு ஆளாகாத உரிமையை எவரும் கையொப்பமிட்டு விட்டுக்கொடுக்க இயலாது என்றும் உரைத்தது.

ஆளுக்கு 4,000 யூரோ இழப்பீடு வழங்கப்பட்டது. பள்ளிகள் மாறினவா? 'சிறப்புப் பள்ளி' என்னும் பெயர் 2005இலேயே சட்டத்திலிருந்து நீங்கியிருந்தது. ஆனால், குறைக்கப்பட்ட பாடத்திட்டம் தொடர்ந்தது. 2016இல்தான் அது நீக்கப்பட்டது. தீர்ப்புக்குப் பின் ஒன்பது ஆண்டுகள்! முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை மூன்றாம் படிவத்தை முடித்துவிடும் காலம் அது.

அந்த மாற்றமும் தானாக வரவில்லை. தீர்ப்புகளின் நிறைவேற்றத்தைக் கண்காணிக்கும் ஐரோப்பிய மன்றத்தின் அமைச்சர் குழு, "இப்பொழுது எத்தனை பிள்ளைகள்?" என்று விடாது வினவியது. தொண்டு அமைப்புகள் அரசின் அறிக்கைக்கு அப்பால் தம் அறிக்கைகளையும் அளித்தன. 2014இல் ஐரோப்பிய ஆணையமும் நடவடிக்கையில் இறங்கியது. கேட்போர் ஓய்ந்திருந்தால் அத்தீர்ப்பு ஏட்டோடு நின்றிருக்கும்.

நம் குறைநீக்கல் வகுப்பு வேறு. அந்தச் சிறப்புப் பள்ளி வேறு. ஆயினும், நீதிபதியின் சொல் ஒரு பிள்ளையை எட்டுவதும் எட்டாததும் தேர்வு வைக்கும் ஆசிரியரிடமும் கையொப்பமிடும் பெற்றோரிடமும் வந்து நிற்கிறது.

மறுநாள் அத்தாயை மீண்டும் அழைத்தேன். படிவத்தை வரிவரியாக வாசித்துக் காட்டினேன். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். ஒன்றுக்கு என்னிடம் விடையில்லை. தலைமையாசிரியரிடம் கேட்டுச் சொன்னேன். அதன் பிறகே படிவத்தைக் கோப்பில் வைத்தேன்.

பெற்றோரே, கேளுங்கள். ஆசிரியர்களே, கேட்க விடுங்கள்.