பழைய சர்வரை எப்போது அணைப்பது?

அலுவலக மெயில் சர்வரை மாற்றப்போகிறோம் என்றதும் எல்லாருக்கும் வருகிற பயம் ஒன்றுதான்: மாற்றுகிற நேரத்தில் வரும் மெயில் தொலைந்துவிடுமோ? திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு இந்த வேலையைச் செய்யப் போனபோது முதலாளி கேட்டதும் அதைத்தான். "பையர் மெயிலு ஒண்ணு வராம போனாலும் ஆர்டரே போயிருமுங்க தம்பி."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் மெயில் அவ்வளவு லேசில் தொலையாது. ஜான் போஸ்டல் 1982இல் மெயில் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி விதிமுறையை எழுதிய காலத்தில், எதிர்முனைக் கம்ப்யூட்டர் எந்நேரமும் விழித்திருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அது பதில் சொல்லாவிட்டால் அனுப்புகிற சர்வர் மெயிலைத் தன்னிடமே வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி முயல வேண்டும். 1989இல் வந்த விதிமுறை இதற்குக் கணக்கே போட்டுத் தந்தது: இரண்டு முயற்சிகளுக்கு நடுவே குறைந்தது அரைமணி நேரம், கைவிடுவதற்கு முன் குறைந்தது நான்கைந்து நாள். சனிக்கிழமை இரவு நிறுத்திய சர்வர் ஞாயிறு மாலை வேறு பெட்டியில் எழுந்தாலும், ஜெர்மனியிலிருந்து கிளம்பிய மெயில் பெரும்பாலும் அங்கேயே காத்திருந்து வந்து சேர்ந்துவிடும். காத்திருக்கத் தெரியாதவர்கள் நாம்தான். இன்பாக்ஸ் ஐந்து நிமிஷம் அசையாவிட்டால் போன் அடிக்க ஆரம்பித்துவிடுகிறது.

ஒரே ஒரு முன்னேற்பாடு மட்டும் தவறக்கூடாது. நம் மெயிலை எந்த சர்வரிடம் கொடுப்பது என்று உலகத்துக்குச் சொல்வது டிஎன்எஸ்ஸில் உள்ள எம்எக்ஸ் பதிவு. அந்தப் பதிலை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கும். பல இடங்களில் அது 86,400 வினாடி, அதாவது ஒரு முழு நாள். மாற்றுவதற்குச் சில நாள் முன்பே அதை 300 ஆக்கிவிட்டால், மாற்றிய ஐந்து நிமிஷத்தில் பெரும்பாலானவர்கள் புதிய இடத்தைத் தேடி வந்துவிடுவார்கள்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அந்தப் பழைய சர்வரை யார் யார் நம்பியிருக்கிறார்கள் என்பது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதை அமைத்தவர் வேலையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த நெட்வொர்க் வரைபடத்தில் சர்வர் ஒரு கட்டம், அதிலிருந்து நாலு கோடு. லாக்கைத் திறந்தால் நாற்பது கோடு போடலாம். மாடியிலிருந்த ஜெராக்ஸ் மெஷின் பேக்கிங் லிஸ்ட்டை ஸ்கேன் செய்து ஷிப்பிங் பிரிவுக்கு மெயிலாக அனுப்பிக்கொண்டிருந்தது, அதுவும் சர்வரின் பெயரைக் கேட்டல்ல, ஐபி எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொண்டு. கைரேகை வருகைப் பதிவு மெஷின் இரவு தோறும் ஒரு அறிக்கை அனுப்பியது. கட்டிங் பிரிவுக் கம்ப்யூட்டர் ஒன்று அதே எண்ணைத் தன் இசட் டிரைவாக நினைத்திருந்தது. ஜெராக்ஸ் மெஷினுக்குத் தெரிந்ததோ பழைய டிஎல்எஸ் மட்டும். 2021இல் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்ட அந்தக் குறியாக்கத்தைப் புதிய சர்வர் ஏற்கவே மாட்டேன் என்றது. அந்த ஒரு மெஷினுக்காக உள்ளேயே ஒரு சின்ன இடைத்தரகு சர்வரை வைக்க வேண்டியதாயிற்று. புது ஜெராக்ஸ் வாங்கச் சொல்லியிருக்கலாம்தான். திருப்பூரில் ஓடுகிற மெஷினை மாற்றச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

என்னை அதிக நேரம் உட்கார வைத்தது ஏலியஸ் ஃபைல். ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அவர் பெயருக்கு வருகிற மெயிலை இன்னொருவருக்குத் திருப்பிவிட அதில் ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த இன்னொருவரும் போனால் இன்னொரு வரி. யாரும் எதையும் அழித்ததில்லை. என்றோ இருந்த ஒரு மெர்ச்சண்டைசரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அது வேறொருவருக்கு, அங்கிருந்து மூன்றாமவருக்கு, கடைசியில் இன்றைய சேம்பிள் பிரிவுக்கு வந்து நின்றது. யார் வேலையை யார் உண்மையில் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட நேர்மையான பதிவேடு அந்தக் கட்டடத்தில் இல்லை. அக்கவுண்ட்ஸ் பிரிவில் மூத்த அக்கா ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். ஒரு பெயர் வந்ததும் கையைப் பிடிக்காத குறைதான். "அதை மட்டும் எடுத்தராதீங்க தம்பி. அந்த இத்தாலிக்காரரு இன்னும் இவிங்க பேருக்குத்தான் எழுதுவாரு." அப்படியே விட்டோம்.

மேனேஜரின் பழைய மெயில்கள் சர்வரிலேயே இல்லை. பாப் முறையில் இறக்கி, சர்வரில் அழித்து, மொத்தத்தையும் தன் கம்ப்யூட்டரின் ஒரே பிஎஸ்டி ஃபைலில் வைத்திருந்தார். அவர் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மேலே ஏற்றினோம்.

மெயிலை வாங்குவது இன்றும் சுலபம்; அனுப்புவதுதான் பாடு. ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவனுக்கு மளிகைக் கடையில் கடன் கிடைக்காதது போல, புது ஐபி எண்ணை யாரும் நம்புவதில்லை. எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் பிடிஆர் பதிவு வேண்டும், எங்கள் பெயரில் அனுப்ப இந்த சர்வருக்கு உரிமை உண்டு என்று சொல்லும் எஸ்பிஎஃப் வேண்டும், டிகிம் கையொப்பம் வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் இன்னும் கண்டிப்பு. 1982இல் வகுத்த பொறுமை அப்படியே இருக்கிறது. எதிரே பேசுகிறவன் சொல்வது உண்மை என்ற அன்றைய நம்பிக்கை மட்டும் போய்விட்டது. ஸ்பாம் அனுப்பியவர்களைத்தான் அதற்குத் திட்ட வேண்டும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு முதலாளி கேட்டார், "அப்ப பழசை எடுத்தர்லாமுங்களா? யூபிஎஸ்ஸாவது மிச்சமாகும்." கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். யார் வந்து தட்டுகிறார்கள் என்று எழுதிவைப்பதை மட்டும் அதன் வேலையாக விட்டிருந்தேன். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு அனுப்புகிற புரோகிராம் வந்து தட்டியது. அதைப் பற்றி யாரும் மூச்சுவிட்டதில்லை. அப்படியானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிடிஎஸ் கணக்கின்போது மட்டும் எழுகிற ஏதாவது ஒன்றும் இருக்கலாம் அல்லவா? காலாண்டு முடியும்வரை வைத்திருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மார்ச் முடியட்டுமுங்க."