வடிகட்டி ஒன்று வாங்கினோம்

அரசின் உரிமம் பெற்று, இல்லத்திலிருந்தபடியே தொலைதூர நண்பரோடு வானலை வழியே உறவாடும் பொழுதுபோக்கு அமெச்சூர் வானொலி. போலந்து நாட்டின் நீப்போகலனோவ் மடத்தில் 1938-இல் எஸ்.பி.3.ஆர்.என். என்ற அழைப்புக் குறியுடன் வானொலி நிலையம் கண்ட புனித மாக்ஸிமிலியன் கோல்பே அடிகளாரை, இத்துறையினர் தங்கள் பாதுகாவலராகப் போற்றுகின்றனர்.

நமக்கு இதில் பேச்சைவிட மோர்ஸ் தந்திக் குறியீட்டிலேயே நாட்டம். நமது பழைய கருவியில் மோர்ஸுக்கென்று வடிகட்டி ஒன்றைப் பொருத்த இடம் காலியாக இருந்தது. (இக்காலக் கருவிகளில் இவ்வேலையைக் கணிப்பொறி நுட்பமே செய்துவிடுகிறது.) 500 ஹெர்ட்ஸா, 250 ஹெர்ட்ஸா என்பதே கேள்வி. இரண்டையும் வாங்க இல்லத்து வரவு இடந்தரவில்லை.

பேச்சுக்கான வடிகட்டி ஏறத்தாழ 2,400 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒலிகளை உள்ளே விடும். நிதான வேகத்தில் வரும் மோர்ஸ் குறிக்கோ 150 ஹெர்ட்ஸே தாராளம். எனவே மாலை வேளையில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திரும்பினால், அந்திநேர ஆலமரத்துக் குருவிகளைப் போலப் பலர் ஒருசேரக் கீச்சிடுவர். 500 ஹெர்ட்ஸ் வடிகட்டி இரைச்சலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக்கும். 250 அதிலும் பாதியாக்கும். கணக்கு மட்டும் பார்ப்பவர் 250-ஐயே கேட்பார்.

நண்பர் ஒருவர் தம் கருவியை இரவல் தந்ததால், 250-ஐ நாமே கேட்டறிய வாய்த்தது. கோடை இடியின் சடசடப்பு மணியோசைபோல் இழுபட்டது. விரைந்து வந்த புள்ளிகளும் கோடுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நாம் பொது அழைப்பு விடுக்கும்போது மறுமொழி தருபவர் சரியாக நம் அலைவெண்ணிலேயே வந்து நிற்பார் என்பதற்கு உறுதி ஏது? அவர் 200 ஹெர்ட்ஸ் தள்ளியிருந்தால், இருபுறமும் 125 மட்டுமே விடும் வடிகட்டிக்கு அவர் வெளியாள். கையால் செய்த சிறு கருவியும், சூடேற ஏற அலைவெண் நகரும் பழங்கருவியும் வைத்திருக்கும் எளியவர்களே பெரும்பாலும் அப்படித் தள்ளி நின்று அழைப்பவர்கள். எவருமில்லை என்று நாம் நகர்ந்துவிடுவோம். அவரோ விடைக்காகக் காத்திருப்பார்.

1999-இல் முறை மாறும்வரை, கடலில் ஆபத்துற்ற கப்பல்கள் 500 கிலோஹெர்ட்ஸில் மோர்ஸ் வழியே உதவி கேட்டன. ஒவ்வொரு மணியிலும் 15-ஆம் நிமிடத்திலும் 45-ஆம் நிமிடத்திலும் தொடங்கி மும்மூன்று நிமிடம், அந்த அலைவெண்ணில் மற்றெல்லோரும் ஓசையடக்கிச் செவிசாய்க்க வேண்டும். மறவாதிருக்க, வானொலி அறைக் கடிகாரத்தில் அந்நிமிடங்களுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியிருப்பர். கடலுக்குச் சென்றவருக்காகக் கரையில் காத்திருந்து பழகிய நம் கடலோரப் பங்கு மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நாம் 500-ஐயே வாங்கினோம். போட்டி நாள்களின் நெரிசலில் 250 இருந்திருக்கலாமே என்று தோன்றுவதுண்டு. அப்பொழுது அலைவெண் குமிழைச் சற்றே நகர்த்தி, எஞ்சியதைக் காதுக்கு விட்டுவிடுகிறோம்.