அன்றைக்குப் பிறை எத்தனை?

மஸ்கட்டிலிருந்து சூர் செல்லும் வழியில் ஃபின்ஸ் கடற்கரை உள்ளது. முன்னே நீலக்கடலும் பின்னே மலைத்தொடரும் கொண்ட அக்கரையில், குடும்பத்துடன் ஓர் இரவு கூடாரமிட்டுத் தங்க எண்ணினோம். நிலவொளிக்காகப் பிறை 14-ஐத் தேர்ந்தோம். குடிநீர், விறகு, தொழுகை விரிப்பு எனப் பட்டியல் நீண்டது. அலைக்கு அருகிலேயே கூடாரம் வேண்டுமென்பது பிள்ளைகளின் நிபந்தனை.

கீழக்கரையிலிருந்து வாப்பா தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: “அன்னைக்குப் பிறை எத்தனை?”

சொன்னோம்.

“பதினாலாம் பிறையில கடல் ஏறி வருமே! ராத்திரியில பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு எங்கே ஓடுவீங்க?”

அமாவாசையையும் முழுநிலவையும் ஒட்டிக் கடலேற்றம் மிகும். பிறை 8, 22 ஆகியவற்றை ஒட்டிக் குறையும். நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை பார்க்கும் நாம், கடலும் அதே பிறையைப் பார்த்துத்தான் நடக்கிறது என்பதை மறந்திருந்தோம்.

பயணத்தைப் பிறை 8-க்கு மாற்றினோம். கடற்பாசி ஒதுங்கிய கோடுகளில் மேல்கோட்டுக்கும் அப்பாலேயே கூடாரம். மழை எச்சரிக்கை வந்தால் பயணமே இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது?

நிலவு பாதிதான் இருக்கும். பிள்ளைகள் முழு இரவும் நிம்மதியாக உறங்குவார்கள், இன்ஷா அல்லாஹ்.